நூறு சதவீதம் என்றால் எந்த நூறு? எம்பிஏ சேர்க்கை, பிளேஸ்மென்ட் கணக்கு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ), புது தில்லி
உயர்கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தேசியத் தரவரிசையை நடத்தும் தேசிய அங்கீகார வாரியம், புது தில்லி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஜனவரி பிறந்தால் எம்பிஏ சேர்க்கைக் காலம். இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்கள் நவம்பர் கடைசி ஞாயிறு நடத்திய கேட் நுழைவுத் தேர்வின் முடிவு வந்திருக்கும். எக்ஸ்ஏடி, ஸ்னாப், என்மேட், சிமேட் என்று ஒருவரே மூன்று நான்கு தேர்வு எழுதியிருப்பார். வீட்டில் ஐந்தாறு கல்லூரிகளின் பிராஸ்பெக்டஸ் கிடக்கும். அவற்றில் முதலில் கண்ணில் படுவது மூன்று எண்கள்: உச்ச பேக்கேஜ், சராசரி பேக்கேஜ், 100 சதவீத பிளேஸ்மென்ட். பதினைந்து லட்சம் கடன் வாங்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசும் குடும்பத்துக்கு இந்த மூன்றில் ஒன்றும் உதவாது.

உதவக்கூடிய எண்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கின்றன. அதில் ஒரு பகுதி ஆண்டுதோறும் உங்கள் கைக்கும் வருகிறது. அந்த எண்களை ஒரே வரையறையில், ஒரே பக்க அட்டவணையாக, வெளி ஆள் தணிக்கை செய்து வெளியிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். இந்த மடல் கேட்பது அவ்வளவுதான். கேட், தமிழ்நாட்டின் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள், கல்விக்கடன் விண்ணப்பங்களைப் பார்க்கிறவர்கள், கம்பெனிகளின் சார்பில் கேம்பஸ் ஆள்சேர்ப்புக்குப் போகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த 100 சதவீதம். ஒரு கல்லூரியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். எண்கள் எங்களுடையவை, முறை நாடு முழுக்க நடப்பது. 180 பேர் முதலாண்டில் சேர்கிறார்கள். ஆறு பேர் பாதியில் நிற்கிறார்கள் அல்லது பேப்பர் பாக்கி வைக்கிறார்கள். மீதம் 174. இதில் 14 பேர் 'பிளேஸ்மென்ட் வேண்டாம் என்றவர்கள்' என்ற பட்டியலுக்குப் போகிறார்கள். 160 பேர் கேம்பஸ் நேர்காணல்களில் உட்கார்கிறார்கள். மார்ச் முடிவில் 150 பேர் கையில் ஆஃபர். மிச்சம் பத்துப் பேருக்கு 'நடைமுறையில் உள்ளது' என்று ஒரு குறிப்பு. விளம்பரத்தில் 100 சதவீதம். சேர்ந்த 180 பேரை அடியில் வைத்து வகுத்தால் 83 சதவீதம். ஆறில் ஒருவருக்குக் கல்லூரி வழியாக வேலை இல்லை.

அந்தப் 14 பேர் யார் என்பதுதான் முக்கியம். அப்பா கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர், பிஎச்டி சேர்கிறவர், பழைய கம்பெனிக்கே திரும்புகிறவர் என்று சிலர் இருப்பார்கள். அவர்களைக் கழிப்பது நியாயம். ஆனால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனவர், மதிப்பெண் சராசரி (சிஜிபிஏ) கல்லூரி வைத்த கோட்டுக்குக் கீழே இருப்பவர், வந்த ஒரு விற்பனை வேலையை மறுத்ததால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடப்படாதவர் ஆகியோரும் அதே பட்டியலில்தான் சேர்க்கப்படுகிறார்கள். பிப்ரவரி வரை எதுவும் அமையாத மாணவரிடம் 'நானே வேலை தேடிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கமும் உண்டு. கையெழுத்துப் போட்ட அந்த நிமிடம் அவர் வகுக்கும் எண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். தானே விலகியவரும் விலக்கப்பட்டவரும் ஒரே கட்டத்தில் இருக்கும்வரை எந்தக் கல்லூரியும் எந்த ஆண்டும் நூறைத் தொடலாம்.

'ஆஃபர்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒரே மாணவருக்கு இரண்டு ஆஃபர் வந்தால் இரண்டும் எண்ணப்படுகின்றன. சராசரியிலும் இரண்டும் சேர்கின்றன. இரண்டு ஆஃபர் வாங்குகிறவர் பெரும்பாலும் வகுப்பின் மேல்வரிசைக்காரர் என்பதால் சராசரி தானாக ஏறும். எத்தனை ஆஃபர் வந்தது என்பது கல்லூரிக்குப் பெருமை. எத்தனை பேர் எந்த ஆஃபரை ஏற்றார்கள் என்பதுதான் கணக்கு. ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்து, 'வேலை பிடித்திருந்தால் நிரந்தரம்' என்று எழுதித் தரும் கடிதத்தையும் முழு வேலையாக எண்ணி, நிரந்தரமானால் கிடைக்கக்கூடிய முழுச் சம்பளத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஆறு மாதம் மாணவர் கையில் வாங்குவது உதவித்தொகை மட்டுமே. நிரந்தரமானாரா இல்லையா என்பதை அதற்குப் பிறகு யாரும் திருத்தி எழுதுவதில்லை.

இனி சராசரி. அதே 150 பேரில் 12 பேருக்கு 28 லட்சம், 40 பேருக்கு 14 லட்சம், 98 பேருக்கு 8.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 1,729 லட்சம். 150-ஆல் வகுத்தால் சராசரி 11.5 லட்சம். பிராஸ்பெக்டஸில் அச்சாவது இதுதான். வரிசையாக நிற்க வைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் 8.5 லட்சம் என்பார். அதற்குப் பெயர்தான் இடைநிலை. அந்த 150 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 'சராசரி'யை விட மூன்று லட்சம் குறைவாக வாங்குகிறார்கள். போதாததற்கு 'மேல் 25 சதவீதத்தினரின் சராசரி' என்று இன்னொரு எண்ணையும் அச்சிடுகிறார்கள். அப்படி அச்சிடும் கல்லூரி கீழ் 25 சதவீதத்தையும் பக்கத்திலேயே போட வேண்டும் என்று விதித்தால் போதும், அந்த வரியே காணாமல் போய்விடும்.

முன் அனுபவம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருடம் ஐடி கம்பெனியில் வேலை பார்த்து 9 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தவர் எம்பிஏ முடித்து 14 லட்சத்துக்குப் போகிறார். நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவர் 8 லட்சத்துக்குப் போகிறார். இருவரையும் கலந்து எடுக்கும் எண் இருவருக்குமே பொய் சொல்கிறது. அனுபவம் இல்லாதவர், 24 மாதத்துக்குள், 24 மாதத்துக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தாலே ஒரு பி.காம் மாணவி தன் இடத்தைக் கண்டுகொள்வாள்.

சிடிசி, அதாவது ஒருவருக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, என்ற மூன்றெழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு ஆஃபர் லெட்டரைப் பிரித்துக் காட்டுகிறோம். 14 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, சிறப்புப் படி எல்லாம் சேர்ந்து மாதம் 70,000, ஆண்டுக்கு 8,40,000. அடிப்படை 35,000 என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு ஆண்டுக்கு 50,400. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 20,200. ஐந்து ஆண்டு வேலை பார்த்தால்தான் கைக்கு வரும், ஆனால் முதல் ஆண்டிலேயே பேக்கேஜில் எழுதப்பட்டுவிடும். மருத்துவக் காப்பீடு, உணவுக் கூப்பன் வகையறா 29,400. வேரியபிள் பே 2,10,000. இலக்கை எட்டினால் முழுதாக, எட்டாவிட்டால் பாதியோ ஒன்றுமில்லையோ. ஜாயினிங் போனஸ் 1,00,000. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் வேலையில் இருந்தால் தரப்படும் ரிடென்ஷன் போனஸ் 1,50,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 14 லட்சம்.

அந்த வீட்டில் 14 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டில் 70,000-லிருந்து தன் பங்கு பிஎஃப் 4,200, தொழில் வரி 200 சுற்றி போய் 65,600 நிற்கும். 2025-26 புதிய வரி முறைப்படி இந்த அளவுக்கு வருமான வரி விழாது என்பதால் அதுவாவது தப்பியது. கல்லூரி சொன்ன எண்ணுக்கும் வங்கிக் கணக்கில் விழுந்த எண்ணுக்கும் இடையே மாதம் ஐம்பதாயிரம் வித்தியாசம்.

இதோடு கடனைச் சேர்த்துப் பாருங்கள். 15 லட்சம், 10.5 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு முறை வங்கி கல்லூரிக்குக் கட்டுகிறது. படிக்கும் இரண்டு ஆண்டும், முடித்த பின் ஆறு மாதமும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். சாதாரண வட்டியாகக் கணக்கிட்டாலே அந்தக் காலத்துக்கு 2.75 லட்சம். ஆக 17.75 லட்சத்திலிருந்து திருப்பிக் கட்டுவது தொடங்குகிறது. ஏழு ஆண்டில் முடிக்க மாதம் சுமார் 29,900. பத்து ஆண்டு என்றால் சுமார் 24,000. 65,600-ல் 29,900 போனால் பெங்களூரிலோ மும்பையிலோ வாடகை கொடுத்து மிச்சத்தில் வாழ்ந்துவிடலாம், இறுக்கமாக. அதே கல்லூரியில் 8.5 லட்சத்து வரிசையில் நிற்கும் 98 பேரின் கணக்கு வேறு. அந்த 8.5 லட்சத்தையும் இதே விகிதத்தில் பிரித்தால் கைக்கு மாதம் 40,000 வந்தால் பெரிது. அவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. சேர்க்கைக் கடிதம் வந்த மாதத்தில் இந்த ஒரு எண்ணை யாராவது அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

இதற்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அகமதாபாத் ஐஐஎம் முன்னின்று 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த இந்திய பிளேஸ்மென்ட் அறிக்கைத் தரநிலை, அதாவது ஐபிஆர்எஸ், இருக்கிறது. அந்த வடிவில் வரும் அறிக்கை முழு வகுப்பையும் முதலில் வகைப்படுத்திக் காட்டும்: எத்தனை பேர் தகுதி பெற்றவர்கள், எத்தனை பேர் கேம்பஸ் வேலை நாடினார்கள், நாடாதவர்கள் ஏன் நாடவில்லை. சம்பளத்தில் நிலையான ஆண்டுத் தொகை வேறு, முதல் ஆண்டில் ஒருமுறை தரும் தொகை வேறு, செயல்பாட்டைப் பொறுத்த தொகை வேறு, எல்லாம் சேர்ந்த உச்ச வாய்ப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது, அதிகம், சராசரி, இடைநிலை. வெளிநாட்டுச் சம்பளம் தனியே. டாலரை ரூபாயாக்கி உள்நாட்டு எண்ணோடு கலப்பதில்லை. துறைவாரியாக, வேலைவாரியாகப் பிரிப்பும் உண்டு. இதை ஏற்று அறிக்கை வெளியிடும் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஏனென்றால் கட்டாயம் இல்லை. யாருடைய எண்கள் நன்றாக இருக்கின்றனவோ அவர்கள்தான் தாமாக முன்வந்து காட்டுவார்கள். கட்டாயம் வேண்டியது மற்றவர்களுக்கு.

அங்கீகார வாரியத்தாருக்கு: உங்கள் என்ஐஆர்எஃப் தரவு இந்த நாட்டு விண்ணப்பதாரருக்குக் கிடைத்த நல்ல கருவி, அதை நன்றியோடு சொல்கிறோம். 2016-ல் முதல் பட்டியல் வந்ததிலிருந்து, கல்லூரி உங்களுக்குத் தந்த விவரப் படிவம் பொதுவில் கிடைக்கிறது. முதலாண்டில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலை ஆண்டுச் சம்பளம், மேல்படிப்புக்குப் போனவர்கள். எங்களிடம் வரும் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: பிராஸ்பெக்டஸைத் திறக்குமுன் அந்தப் படிவத்தில் 'பிஜி இரண்டாண்டு' என்ற கட்டத்தைப் பார், முடித்தவர் எண்ணால் வேலை பெற்றவர் எண்ணை வகு, இடைநிலைச் சம்பளத்தைப் பிராஸ்பெக்டஸ் சராசரியோடு ஒப்பிடு. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கல்லூரியைக் கேள்.

ஆனால் அந்தக் கட்டத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஒரே நிறுவனம் பொது எம்பிஏ, மனிதவள எம்பிஏ, அனலிடிக்ஸ் எம்பிஏ என்று நடத்தினாலும் எல்லாம் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன. பழைய, பெயர்பெற்ற பிரிவு புதிய பிரிவைத் தூக்கி நிறுத்துகிறது. ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்களில் வளாகம் வைத்திருப்பவர்கள் தங்கள் அறிக்கைகளில் செய்வதும் இதுவே. இரண்டாவது, 'இடைநிலைச் சம்பளம்' என்பது நிலையான தொகையா முழு சிடிசியா என்று வரையறுத்து, ஆஃபர் லெட்டரோடு ஒத்துப் பார்க்கும் தணிக்கை தேவை. மூன்றாவது, காலதாமதம். 2024 பட்டியலில் இருந்த கடைசி பிளேஸ்மென்ட் கணக்கு 2023-ல் வெளியேறிய வகுப்பினுடையது. அதைப் பார்த்து 2025-ல் சேர்ந்தவர் வேலைக்குப் போவது 2027-ல். நான்கு ஆண்டு இடைவெளியில் சந்தை தலைகீழாகலாம்.

தரவரிசையின் எண்ணையே வேலை வாய்ப்பின் எண்ணாக நினைப்பவர்கள் அதிகம். மேலாண்மைப் பிரிவில் நூற்றுக்கு 30 பங்கு கற்பித்தல் வளங்களுக்கு, 30 பங்கு ஆய்வுக்கு, 20 பங்குதான் பட்டம் முடித்தவர்களின் நிலைக்கு. மீதி பத்தும் பத்தும் அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கும் பொதுக் கருத்துக்கும். ஆய்வுக் கட்டுரைகள் குவிக்கும் நிறுவனம் மேலே போவதும், கட்டுரை குறைவாக இருந்தாலும் கம்பெனிகள் தேடி வரும் நிறுவனம் கீழே நிற்பதும் இந்த எடையால்தான். அது தவறில்லை, ஒரு நாட்டுக்கு ஆய்வும் வேண்டும். தரவரிசைப் பக்கத்திலேயே 'பட்டம் முடித்தவர் நிலை' என்ற ஒரு மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்திப் பார்க்கும் பொத்தான் ஒன்று வையுங்கள். மதிப்பெண் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

சேர்க்கைக்கு வருகிறோம். ஐஐஎம்களைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. எதற்கு எவ்வளவு எடை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் எவ்வளவு சேரும், வேலை அனுபவத்துக்கு எத்தனை என்ற சூத்திரத்தை இணையதளத்தில் எழுதி வைக்கிறார்கள். சிக்கல் ஒரு சொல்லில்தான்: கட்-ஆஃப். குறைந்தபட்சத் தகுதி 85 அல்லது 90 பர்சன்டைல் என்று எழுதியிருக்கும். அது விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பதற்கான கோடு. பழைய ஐஐஎம்களில் பொதுப் பிரிவில் நேர்காணல் அழைப்பு வருவது 98, 99-க்கு மேல். கேட் 2024-ஐ எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 99 பர்சன்டைல் என்றால் அதற்கு மேலே சுமார் 2,930 பேர், 90 என்றால் மேலே 29,300 பேர். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இருபத்தாறாயிரம் பேர்தான் தனியார் கல்லூரிகளின் விளம்பரம் குறிவைக்கும் கூட்டம்.

அங்கேதான் மூடுமந்திரம். 'கேட் 85-க்கு மேல்' என்று விளம்பரம் இருக்கும். கீழே சிறிய எழுத்தில் எக்ஸ்ஏடி, சிமேட், மேட், ஜிமேட், மாநிலத் தேர்வு எல்லாம் ஏற்கப்படும் என்று இருக்கும். 180 இடத்தில் கேட் வழி எத்தனை, மற்றவை வழி எத்தனை, கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன, மேனேஜ்மென்ட் கோட்டாவில் எத்தனை என்று ஒருவரும் சொல்வதில்லை. சக மாணவர்கள் யார் என்பது இந்தப் படிப்பில் பாதி. கம்பெனிக்காரர்களும் முதலில் பார்ப்பது அதையே. 60 பேர் உட்காரும் வகுப்பில் பத்துப் பேர்தான் தேறுவார்கள் என்றால் அடுத்த வருடம் அந்தக் கம்பெனி அந்த ஊருக்கே வராது. ஆகவே சேர்க்கை விவரம் மறைக்கப்பட்டால் பிளேஸ்மென்ட் எண்ணை நம்புவதற்கு அடிப்படையே இல்லை.

இன்னொன்று பணம் கட்டும் தேதி. ஐஐஎம் முடிவுகள் ஏப்ரல், மே மாதங்களில் வரும். பல தனியார் நிறுவனங்கள் அதற்கு முன்பே 'இடம் உறுதி செய்ய' ஒரு பெருந்தொகை கேட்கின்றன. படிப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாத செயலாக்கக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ விதியே சொல்கிறது. அந்த விதியைச் சேர்க்கைக் கடிதத்தின் முதல் பக்கத்தில், அந்தந்த மாநில மொழியிலும், அச்சிட வைக்கலாம். திருப்பித் தராத தொகையை 'பதிவுக் கட்டணம்', 'உறுதித் தொகை' என்று வேறு பெயர் வைத்து வாங்கும் வழியையும் அந்த வரியிலேயே அடைக்கலாம்.

கட்டணமும் சம்பளமும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பீடு என்று பெயர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் புலமான எஃப்எம்எஸ்ஸில் இரண்டாண்டுக் கட்டணம் இரண்டரை லட்சத்தைச் சுற்றி; அகமதாபாத் ஐஐஎம்மில் 25 லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டுமே கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்கின்றன. நடுத்தட்டில்தான் ஆபத்து. 18 லட்சம் கட்டணம், 8.5 லட்சம் இடைநிலை என்று ஒரு கல்லூரி. டான்செட் எழுதி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் கலந்தாய்வு வழியாக, ஒரு பல்கலைக்கழகத் துறையில் அதில் சிறு பங்கு கட்டணத்தில் கிடைக்கும் இடம், ஆறு லட்சம் இடைநிலை என்று இன்னொன்று. கடன் இல்லாமல் ஆறு லட்சத்தில் தொடங்குபவர் மூன்றாம் ஆண்டில் எங்கே நிற்பார், மாதம் முப்பதாயிரம் தவணையோடு எட்டரையில் தொடங்குபவர் எங்கே நிற்பார் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பல வீடுகளில் முடிவு மாறும். பிராஸ்பெக்டஸ் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காது. நீங்கள்தான் வைக்க முடியும்.

விற்பனை வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வங்கிக் கிளையில் ரிலேஷன்ஷிப் மேனேஜர், காப்பீட்டில் ஏரியா மேனேஜர், இணையவழிக் கல்வி நிறுவனத்தில் பிசினஸ் டெவலப்மென்ட்: மூன்றும் உழைப்புள்ள, மரியாதையான வேலைகள். ஆனால் 'பைனான்ஸ் துறையில் 35 சதவீதம் பேர்' என்ற வட்டப்படத்தைப் பார்த்துப் போகும் மாணவர் முதலீட்டு வங்கியை நினைத்துப் போகிறார். துறை மட்டும் போதாது, பதவிப் பெயரும் ஊரும் வேண்டும். கம்பெனி லோகோ வரிசையும் அப்படியே. எட்டு வருடம் முன்பு ஒருவரை எடுத்த கம்பெனியின் லோகோ இன்றும் நிற்கும். அதே அறக்கட்டளையின் பொறியியல் கல்லூரிக்கு வந்த கம்பெனியும் நிற்கும். இந்த ஆண்டு, இந்தப் படிப்புக்கு, எத்தனை பேரை என்ற மூன்றும் இல்லாத லோகோவுக்கு இடம் தரக் கூடாது. மாணவர்களிடம் நாங்கள் சொல்வது: லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரும் வெளியேறிய ஆண்டும் போட்டுத் தேடு, கண்ணில் படும் முதல் நாற்பது பேரின் பதவியை எழுது. ஒரு மணி நேர வேலை. ஆனால் ஒவ்வொரு வீடும் தனித்தனியே துப்பறிய வேண்டிய நிலைமை ஏன் இருக்க வேண்டும்?

பயிற்சி மையங்களுக்கு இந்த ஒழுங்கு வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி, தேர்ச்சி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் போட வேண்டும். சில ஆயிரம் ரூபாய் மாதிரித் தேர்வுக்கு இந்த அளவு விவரம் கேட்கப்படுகிறது. பதினைந்து லட்சம் வாங்கும் இடத்தில் அதைக் கேட்பது மிகையாகாது.

ஆகவே நாங்கள் கேட்கும் பக்கம் இப்படி இருக்கட்டும். படிப்பு வாரியாக, வளாகம் வாரியாக ஒரு பக்கம். மேலே அனுமதிக்கப்பட்ட இடங்கள், எந்தத் தேர்வு வழி எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண், வெயிட்லிஸ்ட் எந்த எண் வரை நகர்ந்தது, விடுதியோடு சேர்த்து இரண்டாண்டுச் செலவு. நடுவில் சேர்ந்தவர் எண்ணிலிருந்து தொடங்கும் படிக்கட்டு: முடித்தவர், தானாக விலகியவர் காரணத்தோடு, கல்லூரி விலக்கியவர் காரணத்தோடு, கேம்பஸில் உட்கார்ந்தவர், ஆஃபரை ஏற்றவர், உண்மையில் வேலையில் சேர்ந்தவர். கடைசி எண் செப்டம்பர் 30-ல் எடுக்கப்பட வேண்டும். மார்ச் ஆஃபர் ஜூனில் தள்ளிப்போவதும், சேரும் தேதி சொல்லாமலே கடிதம் காலாவதியாவதும் அப்போதுதான் தெரியும். கீழே நிலையான ஆண்டுத் தொகை மட்டும்: பத்தாவது, இருபத்தைந்தாவது, ஐம்பதாவது, எழுபத்தைந்தாவது சதவீதப் புள்ளிகளில், அனுபவம் உள்ளவர் இல்லாதவர் தனித்தனியாக. உச்ச சம்பளத்துக்குக் கட்டமே வேண்டாம். அது ஒருவரின் கதை.

எட்டுப் பத்துப் பேர் மட்டுமே இருக்கும் சிறிய பிரிவில் சதவீதப் புள்ளி போட்டால் யாருடைய சம்பளம் என்று ஆளே தெரிந்துவிடும். அங்கே இடைநிலையோடு நிறுத்திக்கொள்ளலாம். தணிக்கைச் செலவு சிறு கல்லூரிக்குச் சுமை என்ற வாதம் வரும். ஆஃபர் லெட்டர், செப்டம்பர் சம்பளச் சீட்டு, ஒவ்வொரு மாணவரின் ஒப்பம், இந்த மூன்றையும் ஒரு பட்டயக் கணக்காளர் ஒத்துப் பார்க்க 120 பேர் வகுப்புக்கு சில நாள் வேலை. அதைச் செய்ய முடியாத நிறுவனம் பிளேஸ்மென்ட் எண்ணை விளம்பரம் செய்யாமல் இருந்துகொள்ளட்டும், அதற்குத் தடையில்லை.

ஏஐசிடிஇக்கு: அமல்படுத்தும் கைப்பிடியும் உங்களிடமே இருக்கிறது. அனுமதி நீட்டிப்பு வாங்க நிறுவனங்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருகின்றன. கட்டாய வெளிப்படுத்தல் என்ற பக்கத்தை இணையதளத்தில் வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி உண்டு. அந்தப் பக்கத்தில் பிளேஸ்மென்ட் பகுதி பல இடங்களில் பழைய ஆண்டோடு நின்றுபோயிருக்கிறது. ஸ்கேன் செய்த படமாக, தேடவும் ஒப்பிடவும் முடியாதபடி கிடக்கிறது. இந்த ஒரு பக்க அட்டவணையை நீட்டிப்பு விண்ணப்பத்தின் இணைப்பாக்கி, எண்களாகவே வாங்கி, உங்கள் தளத்திலேயே எல்லாக் கல்லூரியையும் அடுக்கி வையுங்கள். பொய் எண் தந்தது உறுதியானால் அந்தப் படிப்புக்கு அடுத்த ஆண்டு இடங்களைக் குறையுங்கள்.

பல்கலைக்கழகங்கள் நடத்தும் எம்பிஏவும் ஐஐஎம்களும் முழுதாக ஏஐசிடிஇ வரம்புக்குள் வராது என்பது தெரியும். அதனால்தான் இரு அமைப்புகளுக்கும் சேர்த்து எழுதுகிறோம். என்ஐஆர்எஃப்பில் பங்கேற்க இதே அட்டவணை நிபந்தனை என்று வாரியம் சொன்னால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அடைபடும்.

அட்டவணையின் மாதிரிப் படிவமும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி வரையறையும் தயாரித்து வைத்திருக்கிறோம். நீங்கள் கேட்டால் அனுப்புகிறோம். நான்கைந்து கல்லூரிகளின் பழைய ஆண்டுக் கணக்கில் அதை நிரப்பிச் சோதித்துப் பார்க்கும் வேலையையும் சம்பளம் வாங்காமல் செய்து தருகிறோம். வரும் அனுமதி நீட்டிப்புச் சுற்றுக்குள் முடிவெடுத்தால், அதற்கடுத்த ஜனவரியில் விண்ணப்பம் நிரப்பும் வகுப்புக்கு இது கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
எம்பிஏ நுழைவுத் தேர்வு ஆசிரியர்கள், கல்விக்கடன் ஆலோசகர்கள், கேம்பஸ் ஆள்சேர்ப்பில் பணியாற்றுபவர்கள் சார்பில்